செலினுக்காகத் தூங்கியவள்

அந்தப் பல்கலைக்கழகத்தில் தூங்கினால் மட்டுமே வருகைப்பதிவு கிடைக்கும் வகுப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு, அயல்மொழித் துறையின் நீளமான கூடத்தில் அது நடந்தது. ஜன்னல்களுக்கு நீலத் திரை, பன்னிரண்டு கட்டில்கள், ஒவ்வொரு தலையணைக்குப் பக்கத்திலும் ஒரு கைபேசி. மாணவர்கள் மெஸ்ஸில் சாம்பார் சாதத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து, ‘ஆராரோ’ செயலியைத் திறந்து, நெற்றியில் ஒரு துணிப்பட்டையைக் கட்டிக்கொண்டு படுப்பார்கள். நாற்பது நிமிடம் கழித்து எழும்போது ஜெர்மனோ ஜப்பானியமோ இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும். “எங்க வகுப்புலயும் தூங்கத்தான் செய்யுதானுவ, ஒரு எழுத்து ஏற மாட்டேங்கே” என்று மற்ற துறைப் பேராசிரியர்கள் வயிற்றெரிச்சல் பட்டார்கள்.

இசக்கி அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி இல்லை. முதுகலை வரலாறு படித்த அவளுக்குக் குலுக்கலில் பெயர் விழவில்லை. விழுந்தது அவளுடைய அறைத்தோழி செலினுக்கு. செலின் உவரிக்காரி, கடல் உயிரியல் மாணவி. லிஸ்பனில் ஓர் ஆய்வுக்கூடம் அவளுக்கு ஒரு வருட இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை, போர்த்துக்கீசிய வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். மீனின் செதிலைப் பார்த்து அதன் வயதைச் சொல்லிவிடுகிற செலினுக்கு மொழிப்பாடம் என்றால் மட்டும் எட்டிக்காய்.

முதல் நாள் வகுப்பு முடிந்து அறைக்கு வந்தவள், பட்டையைக் கட்டிலில் எறிந்துவிட்டு உட்கார்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அந்த நேரம் பார்த்து உவரியிலிருந்து அவளுடைய அம்மா ரோசம்மா கூப்பிட்டாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வருகிற அழைப்பு அது. பத்துத் தடவையும் ஒரே கேள்விதான்.

“சாப்பிட்டேம்மா. ஆமா, சோறுதான். வையி” என்று எரிந்து விழுந்துவிட்டு செலின் கைபேசியை வைத்தாள். பிறகு இசக்கியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, ஒங்கிட்ட இத யாரு கேப்பா?”

“எத?”

“சாப்பிட்டியான்னு.”

இசக்கி யோசித்துப் பார்த்தாள். அவள் பாளையங்கோட்டையில் ஓர் ஆதரவு இல்லத்தில் வளர்ந்தவள். கைக்குழந்தையாக வந்து சேர்ந்தவளுக்கு அங்கே சமையல் செய்த அம்மாள் தன் குலதெய்வத்தின் பெயரை வைத்தாளாம். “மணி அடிச்சா நூத்தி இருவது பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம்ட்டி. இதுல கேக்கதுக்கு என்ன இருக்கு?”

செலின் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். துண்டால் துடைத்தபடியே, “எனக்கு மத்தியானம் ஒறக்கமே வரமாட்டேங்கு. இன்னைக்கு நாப்பது நிமிசமும் சும்மா கண்ண மூடிட்டுத்தான் கெடந்தேன். நாளையில இருந்து நீ எனக்கு ப்ராக்ஸி போடுதியா?” என்று கேட்டாள்.

“தூக்கத்துக்கா?”

“வருகை எம்பது சதவீதம் இல்லன்னா பரீட்சைக்கே விட மாட்டாங்க. லிஸ்பன் போச்சு. நீ தூங்கு. ஏறுனத சாயந்தரம் எனக்குச் சொல்லிக்குடு.”

ஒருவருக்குப் பதில் இன்னொருவர் ‘உள்ளேன்’ சொல்லுவது நம் கல்லூரிகளில் சட்டத்துக்குப் புறம்பான, ஆனால் நட்புக்கு உட்பட்ட காரியம். ஆராரோவை உருவாக்கியவர்கள் எவ்வளவோ திருட்டுத்தனங்களை யோசித்துப் பூட்டுக்கு மேல் பூட்டு போட்டிருந்தார்கள். ஒருத்திக்காக இன்னொருத்தி வந்து படுத்துத் தூங்குவாள் என்பது மட்டும் அவர்கள் புத்தியில் தட்டுப்படவில்லை. கூடத்தின் உதவியாளர் சுடலைமுத்து அண்ணாச்சியோ தலைகளை எண்ணுவார், முகங்களைப் பார்க்க மாட்டார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டால் எல்லாத் தலையும் ஒரே தலைதான்.

மறுநாள் இசக்கி ஏழாவது கட்டிலில் படுத்தாள். மின்விசிறியின் சத்தம் மெல்ல விலகிப் போனது. அது திரும்பி வந்தபோது கடலின் சத்தமாக இருந்தது.

அவள் யாருடைய இடுப்பிலோ உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சுவர், நீலப் பூப்போட்ட ஓடு பதித்த அடுப்படி, ஜன்னலுக்கு வெளியே கொடியில் காய்கிற துணிகள். ஒரு கை அவள் முதுகைத் தாங்கியிருந்தது. இன்னொரு கை கரண்டியில் கஞ்சி மாதிரி எதையோ எடுத்து, ஊதி, அவள் உதட்டருகே கொண்டுவந்தது. அந்தக் கையில் மீனும் எலுமிச்சையும் கலந்த வாசனை. ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. இருந்தும் இசக்கி வாயைத் திறந்தாள். விழித்தபோதும் வாய் திறந்தே இருந்தது. தலையணை நனைந்திருந்தது.

அன்று மாலை அயல்மொழித் துறைத்தலைவி நிலோஃபரைத் தேடிப்போனாள். நிலோஃபர் மேலப்பாளையத்துக்காரர், கையில் தேநீர் இல்லாமல் அவரைப் பார்ப்பது அபூர்வம். ஆராரோவைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதப் போவதாக இசக்கி ஒரு பொய்யைச் சொல்லி ஆரம்பித்தாள்.

“நீ தமிழ எங்க கத்துக்கிட்டே?” என்று கேட்டார் நிலோஃபர்.

“ஸ்கூல்ல, மேம்.”

“ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடியே பேசினியே, அது? மொழிய யாரும் படிச்சு வாங்கல. மடியில உக்காந்து வாங்கினதுதான். புஸ்தகத்தால அந்த மடியத் தர முடியாது. இந்தச் செயலி தருது. அந்தந்த ஊர்ல ஒருத்தங்க தன் பிள்ளைய வளத்த நினைவுகள நமக்கு இரவல் தர்றாங்க. நாங்க அவங்கள வீட்டுக்காரம்மான்னு சொல்லுவோம். அந்த நினைவுல பிள்ளை இருந்த இடத்தக் காலி பண்ணி, நம்ம மாணவரை அங்க உக்கார வைக்கிறோம். நாப்பது நாள்ல கைக்குழந்தையில இருந்து பன்னெண்டு வயசு வரைக்கும்.”

“அந்த இடத்துல யாரு உக்காந்திருக்கான்னு அவங்களுக்குத் தெரியுமா, மேம்?”

“தெரியாது. இரவல் குடுத்ததோட சரி. நாப்பதாம் நாள் கனவ அழிச்சிடுவோம். அவங்க வீட்டு விஷயம் இல்லையா?”

“அழிச்சா பாஷை போயிடாதா?”

“பாஷை போகாது. வீடு போயிடும். காலையில கண்ட கனவு சாயங்காலம் மறந்துபோற மாதிரி, மெல்ல மெல்ல முகம் கலைஞ்சிடும். சொல்லு மட்டும் நிக்கும்.” நிலோஃபர் அவளைக் கூர்ந்து பார்த்தார். “ரெண்டு மூணு பிள்ளைங்க வந்து அழுதிருக்காங்க. அவங்ககிட்ட சொன்னதையே உங்கிட்டயும் சொல்றேன், கட்டுரையில எழுதிக்கோ. அது அம்மா இல்ல. அது பாடம்.”

இசக்கி தலையாட்டிவிட்டு வந்தாள். தன் தமிழ் எந்த மடியில் கிடைத்தது என்று வழியெல்லாம் யோசித்தாள். மணிச் சத்தத்திலும், வரிசையிலும், ‘அடுத்த ஆளு’ என்ற குரலிலும் கிடைத்த தமிழ் அது. அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதில் யாரும் ஊதிக் கொடுத்த சூடு இல்லை.

நாள் போகப் போகக் கூடத்தில் சில வேடிக்கைகள் நடந்தன. ஜெர்மன் படித்த முத்துராஜ் ஆறடி உயரம், கபடி வீரன். அவன் மெஸ் அண்ணனிடம் தட்டை நீட்டி, சாதத்தை ஊதித் தரச் சொன்னான். ஜப்பானியம் படித்த ஒரு பெண் ஒரு வாரம் தன் செருப்பு வாரைத் தானே மாட்ட மறுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மத்தியானம் இரண்டு மணி ஆனதும் சிரித்தவர்களே முதல் ஆளாக ஓடிப்போய்ப் படுத்தார்கள்.

இசக்கியும் ஓடினாள். வரலாற்று வகுப்பில் சோழர்கள் படையெடுத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண் சொக்கும். வீட்டுக்காரம்மாவின் பெயர் கிராஸா என்று தெரிந்தது. மத்தி மீனை டப்பாவில் அடைக்கிற ஆலையில் அவளுக்கு வேலை. வந்ததும் எலுமிச்சைத் துண்டால் கையைத் தேய்த்துக் கழுவுவாள், அப்புறம்தான் பிள்ளையைத் தொடுவாள். ஆரஞ்சுப் பழத்தின் தோலை அறுபடாமல் ஒரே நாடாவாக உரித்துப் பிள்ளையின் கழுத்தில் மாலையாகப் போடுவாள். சீப்பை டம்ளர் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தலை வாரி விடுவாள். வலித்தால் திட்டுவாள், திட்டிவிட்டு உச்சந்தலையில் முத்தம் வைப்பாள். திட்டுகளும் புரிய ஆரம்பித்தபோது இசக்கிக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

எல்லாவற்றையும்விட அவள் காத்திருந்தது ஒரு கேள்விக்காக. வெளியே விளையாடிவிட்டு எப்போது உள்ளே வந்தாலும் கிராஸா அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்பாள்: “ஜா கொமெஷ்த்?”

சாப்பிட்டியா. அவ்வளவுதான். இருபத்திரண்டு வயதுவரை ஒருத்தரும் தன்னிடம் கேட்காத கேள்வியை, ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, தன் முகத்தைப் பார்த்தே இராத ஒருத்தி தினமும் கேட்கிறாள் என்பதை நினைத்து இசக்கி குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

மாலையில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே செலினுக்குப் பாடம். முதலில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இசக்கிக்கு அந்த மொழி ஒரே ஒரு விதமாகத்தான் வாயில் வந்தது. செலினை முன்னால் உட்கார வைத்து, சீப்பை நனைத்து, தலை வாரிக்கொண்டே பேசினாள். ஆரஞ்சு உரித்துக் கொடுத்துப் பேசினாள். தப்பாகச் சொன்னால் கிராஸாவின் திட்டுகளாலேயே திட்டினாள். இரண்டு வாரத்தில் செலின் அந்த மொழியில் எதிர்த்துப் பேச ஆரம்பித்தாள்.

“ஏட்டி, நீ பாடம் நடத்துதியா, என்னப் பெத்து வளக்குதியா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“எனக்கு வந்த மாதிரிதானட்டி ஒனக்குத் தர முடியும்?”

“அந்த அம்மா எப்படி இருப்பா?”

இசக்கி எல்லாவற்றையும் சொன்னாள். எலுமிச்சை, சீப்பு, படிக்கட்டின் பதினான்கு படிகள், பக்கத்து வீட்டு நொண்டிப் பூனை எல்லாம். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பொழுது சாயும்போது கிராஸா படிக்கட்டின் உச்சியில் நின்று, கடற்கரையில் விளையாடும் பிள்ளையை ஒரு செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். நீட்டி, நடுவில் குரலை உயர்த்தி, கடைசியில் காற்றில் விட்டுவிடுவாள். பர்தலீத்தா. குட்டிச் சிட்டு என்று அர்த்தம். அதைச் சொல்லிக் கொடுத்தால் அதுவும் பாடமாகிவிடும் என்று இசக்கிக்குத் தோன்றியது. முகம் கலைந்து போகப்போகிறது, வீடு போகப்போகிறது, அந்தப் பெயராவது எனக்கென்று இருக்கட்டுமே. அதில் அவளுக்கு வெட்கமும் இருந்தது, பிடிவாதமும் இருந்தது.

நாற்பதாம் நாள் வந்தது. கனவில் அவளுக்குப் பன்னிரண்டு வயது. மணலில் உட்கார்ந்திருந்தாள். மேலேயிருந்து அந்தப் பெயர் வந்தது. எழுந்திருக்க மனமில்லாமல் எழுந்து, பதினான்கு படிகளையும் ஒவ்வொன்றாக ஏறினாள். வேகமாக ஏறினால் வேகமாக முடிந்துவிடும் என்று பயமாக இருந்தது. கதவைத் தள்ளினாள். அடுப்பில் ஏதோ கொதித்தது. கிராஸா திரும்பாமலே கேட்டாள்.

“ஜா கொமெஷ்த்?”

பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நெற்றிப்பட்டை அதிர்ந்து எழுப்பிவிட்டது. கைபேசித் திரையில் ‘வாழ்த்துகள்’ என்று பூ தூவிக்கொண்டிருந்தது. சுடலைமுத்து அண்ணாச்சி திரைகளை விலக்கினார். வெயில் வந்து எல்லாக் கட்டில்களிலும் விழுந்தது.

மறுநாள் வாய்மொழித் தேர்வு. அதே கூடத்தில் கட்டில்களை ஒதுக்கிவிட்டுப் பெரிய திரை ஒன்றை வைத்திருந்தார்கள். தேர்வை நடத்துவது வீட்டுக்காரம்மாவேதான் என்பது அன்று காலையில்தான் தெரிந்தது. “தன் வீட்ல யாரு இருந்தாங்கன்னு அவங்க ஒரு தடவை பாக்கணும்ல? அதுதான் மரியாதை” என்றார் நிலோஃபர். பொதுக் கேள்விகள் முடிந்தபின் வீட்டுக்காரம்மா தன் இஷ்டப்படி ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அதற்குப் பதில் தெரியாவிட்டால் அந்த வீட்டில் இருக்கவில்லை என்று அர்த்தம், தோல்விதான்.

இசக்கிக்கு உள்ளே போக அனுமதி இல்லை. வராந்தாவில், நீலத் திரையின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரையில் கிராஸா வந்தாள். கனவில் இருந்ததைவிட வயது கூடியிருந்தது. தலை நரைத்திருந்தது. கைகள் மேசைமேல் இருந்தன. இசக்கி ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

செலின் நன்றாகவே பேசினாள். கடலைப் பற்றி, மத்தி மீன் கூட்டத்தைப் பற்றி, லிஸ்பனில் செய்யப்போகும் ஆய்வைப் பற்றி. ஓரிடத்தில் கிராஸா சிரிக்கக்கூடச் செய்தாள். நிலோஃபர் தலையை ஆட்டி ஆட்டி மதிப்பெண் போட்டார். அப்புறம் கிராஸா முன்னால் குனிந்து மெதுவாகப் பேசினாள்.

“என் மகள் இனேஸ் வேறு நாட்டுக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவள் வருவதும் இல்லை, என்னோடு நம் மொழியில் பேசுவதும் இல்லை. சின்ன வயதில் அவளை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். இன்று அதை நினைவில் வைத்திருப்பவர்கள் என்னையும் அவளையும் தவிர யாரும் இல்லை. இப்போது உனக்கும் தெரியும். ஒரு தடவை அதை யாராவது சொல்லிக் கேட்க வேண்டும்போல இருக்கிறது. சொல், என்ன பெயர்?”

செலின் வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் இசக்கி மாட்டிக்கொள்வாள் என்பதற்காகவே கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டிருப்பது பின்னாலிருந்து பார்க்கும்போதே தெரிந்தது. நிலோஃபரின் பேனா காகிதத்தின்மேல் காத்திருந்தது.

நான் பதுக்கிவைத்த ஒன்றைத்தானா கேட்க வேண்டும் என்று இசக்கி தன்னையே நொந்துகொண்டாள். சொன்னால் ப்ராக்ஸி அம்பலமாகும், படிப்பே போகலாம். அதைவிட, கைவசம் இருந்த ஒரே பெயரும் கூடத்தில் எல்லோர் காதிலும் விழுந்துவிடும். சொல்லாவிட்டால் செலினுக்கு லிஸ்பன் இல்லை. திரையிலோ அந்தப் பெண் கைகளைக் கோத்துக்கொண்டு, நம்பிக்கையோடு காத்திருந்தாள்.

இசக்கி கம்பிகளில் முகத்தை வைத்து, படிக்கட்டின் உச்சியில் நின்று கூப்பிடுவதைப்போல, நீட்டி, நடுவில் உயர்த்தி, காற்றில் விட்டாள்.

“பர்தலீத்தா...!”

செலின் சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டு, “பர்தலீத்தா” என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். அகராதியிலிருந்து எடுத்துச் சொன்னதைப்போல இருந்தது. கிராஸா அவளைப் பார்க்கவில்லை. எழுந்து நின்றுவிட்டாள். அவளுடைய கண்கள் திரைக்குள்ளிருந்து ஜன்னலைத் தேடின. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து, காகிதத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதை உயர்த்திக் காட்டினாள். தேர்ச்சி.

திரை அணையப்போகும் நேரத்தில் அவள் மறுபடி குனிந்தாள்.

“ஜன்னலுக்கு வெளியே நிற்கிறாளே, அந்தப் பிள்ளை,” என்றாள். பிறகு குரலை மாற்றி, அடுப்படிக் குரலில் நேராகவே கேட்டாள்: “ஜா கொமெஷ்த்?”

நேற்று சொல்ல முடியாமல் தொண்டையில் நின்ற பதில் அங்கேயே இருந்தது. “இன்னும் இல்லம்மா” என்று இசக்கி அந்த மொழியில் சொன்னாள். முழு விழிப்பில் அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

“மணி என்ன ஆகிறது? போய்ச் சாப்பிடு” என்று கிராஸா அதட்டினாள். திரை அணைந்தது.

செலினை வெளியே அனுப்பிவிட்டு நிலோஃபர் வராந்தாவுக்கு வந்தார். இசக்கி ஓடவில்லை. நிலோஃபர் அவளைத் திட்டவும் இல்லை. கையிலிருந்த தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, “உன் கட்டுரை ரொம்ப நீளமாப் போயிடுச்சு போல” என்றார்.

“மேம்...”

“விதிப்படி பாத்தா ரெண்டு பேரு சீட்டும் கிழியணும். ஆனா வீட்டுக்காரம்மா எழுதினதுக்கு மேல நான் எழுத முடியாது. அந்தப் பிள்ளைக்கு பாஷையும் வருது.” கொஞ்சம் தயங்கிவிட்டுத் தொடர்ந்தார். “ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. பட்டை எல்லாத்தையும் பதிவு பண்ணும். இன்னைக்குக் காலையிலதான் எடுத்துப் பாத்தேன். முப்பத்தொம்பது நாள் ஒரே மூளை. முதல் நாள் மட்டும் வேற.”

“முதல் நாள் செலின் வந்தா, மேம். அவளுக்கு மத்தியானம் ஒறக்கம் வராது. அன்னைக்கு நாப்பது நிமிசமும் சும்மாதான் கெடந்தாளாம்.”

“சும்மா கிடந்தாளா?” நிலோஃபர் புருவத்தை உயர்த்தினார். “படுத்த ரெண்டாவது நிமிஷமே தூங்கியிருக்கா. முழுசாக் கனவு கண்டிருக்கா. அன்னைக்குப் பன்னெண்டு பேர்லயே நல்லாத் தூங்கினது அவதான்.”

முதல் நாள் சிவந்திருந்த அந்தக் கண்களும், ‘ஒங்கிட்ட இத யாரு கேப்பா’ என்று கேட்ட குரலும் இப்போதுதான் இசக்கிக்குச் சரியாக வந்து சேர்ந்தன. லிஸ்பனைப் பணயம் வைத்து, இவளுக்கு இடம் விடத்தான் செலின் அந்த இடுப்பிலிருந்து இறங்கி வந்திருக்கிறாள்.

மெஸ்ஸில் கூட்டம் கலைந்துவிட்டது. மூலை மேசையில் செலின் இரண்டு தட்டுச் சாதத்தோடு உட்கார்ந்திருந்தாள். தன் தட்டைத் தொடவில்லை. எதிர்த் தட்டில் சாதத்தைப் பிசைந்து, ஈ மொய்க்காமல் இன்னொரு தட்டால் மூடி வைத்திருந்தாள். இசக்கி வந்து எதிரே நின்றாள். கேட்க நிறைய இருந்தது.

“ஏட்டி, மொத நாளு நீ...”

செலின் மூடியிருந்த தட்டை எடுத்துவிட்டு, சாதத்தை அவள் பக்கம் தள்ளினாள். முகத்தை நிமிர்த்தவில்லை.

“ஜா கொமெஷ்த்?” என்று கேட்டாள்.